பாடாந்தரத்துக்கு ஒரு வரி

இசையைத் தட்டச்சு எழுத்துகளால் எழுத உதவும் ஏபிசி குறிமுறையின் 2011 டிசம்பரில் வெளியான 2.1 தரம், மெட்டு வழங்கும் வட்டாரத்தைக் குறித்துவந்த 'ஏ' புலத்தை (ஓரெழுத்தும் முக்காற்புள்ளியும் கொண்டு தொடங்கும் விவர வரியே புலம்) வழக்கிலிருந்து விலக்கி, அத்தகவலைப் பிறப்பிடம் சுட்டும் 'ஓ' புலத்திலேயே நாடு, மாகாணம், ஊர் என்று அரைப்புள்ளியிட்டு எழுதப் பரிந்துரைத்தது. இயற்றியவர் தெரியாத நாட்டுப்புற மெட்டுகளுக்கு இது பொருந்தும். கர்நாடக உருப்படிகளைத் தட்டச்சு செய்வோர் இதை அப்படியே ஏற்பதற்கில்லை.

பூந்தமல்லி வட்டாரத்துக் கோவூரில் உறையும் சுந்தரேசுவரர்மேல் தியாகராஜர் இயற்றிய பஞ்சரத்தினத்தை எடுத்துக்கொண்டால், ஐந்தையும் தொகுக்க 'ஜி' புலம் உதவுகிறது. அவற்றுள் கரகரப்பிரியாவில் அமைந்த உருப்படிக்கு, சுரவரிசையைச் சுட்டும் 'கே' புலத்தில் டோரியன் என்ற மேலையிசைப் பெயரைக் குறித்தால் ஸ்வரத்தானங்களும் சரியாக அமையும். ஆனால் அதே ஐந்தில் மற்றோர் உருப்படியின் இராகமான சகானாவின் வக்ர நடை எந்தச் சுரவரிசைப் பெயரிலும் அடங்காது என்பதால், இராகத்தின் பெயரைக் குறிப்புக்கான 'என்' புலத்தில் தனியே எழுதியாக வேண்டும். 'ஓ' புலத்தில் எழுத வேண்டியது பாடப்பெற்ற தலமான கோவூரா, இயற்றியவர் வாழ்ந்த திருவையாறா என்ற கேள்விக்கும் தரத்தில் விடையில்லை. தலத்தையே எழுதுவது தகும்.

இவற்றைவிடப் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. உருப்படியைக் குருவிடம் கேட்டுக் கற்ற வடிவமாகிய பாடாந்தரம், தியாகராஜரின் சீடர் மரபுகளில் வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என ஊர்ப்பெயராலேயே அறியப்படுகிறது. ஒரே கீர்த்தனையின் சங்கதிகள் மரபுக்கு மரபு மாறுவதால், எவருடைய பாடம் என்று சொல்லாத ஸ்வரக்குறிப்பு பாதிச் சான்றே ஆகும். எட்டயபுரத்தில் 1904-இல் அச்சான சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகக் குறிகளை வகுத்ததோடு அமையாமல், வாக்கேயகாரர் வரலாறுகளையும் சுப்பராம தீட்சிதர் சேர்த்தார். அச்சுக்கோத்த காலத்தில் இயன்ற இப்பொறுப்பு, ஒரு வரியைக் கூடுதலாகத் தட்டினால் போதும் என்றாகிவிட்ட காலத்தில் கைவிடப்படுவது ஏற்கத்தக்கதன்று. தரம் வகுத்தவர்கள் மூலம் சுட்டும் 'எஸ்' புலத்தில் நூலையும் ஆளையும் இணையதளத்தையும் ஒன்றாக அடைத்ததால், பாடம் தந்தவர் அங்கே ஒரு முகவரியின் அளவுக்குச் சுருங்கிப்போகிறார். பொதுப்பணத்தில் இசையை மின்வடிவாக்கும் அமைப்புகளோ, எத்தனை பக்கம் முடிந்தது என்று கணக்குக் காட்டுவதோடு கடமை தீர்ந்ததாகக் கருதலாகாது. பாடம் எவருடையது என்று கேட்கும் படிவம் ஒன்றை வகுப்பதற்குச் செலவு எதுவும் இல்லை, அக்கறை மட்டுமே வேண்டும். தட்டச்சு செய்தவருக்கு 'இசட்' என்று தனிப்புலம் இருக்க, கற்பித்தவருக்குத் தனிப்புலம் இல்லாதிருப்பது அநீதி.

தரம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2.1 தரத்தில் யூடிஎஃப்-8 குறியாக்கமே இயல்பானது என்பதால் தமிழெழுத்திலேயே எழுத இயலும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கோப்புகளைத் தயாரிக்கும் வாசகர்கள், கற்றுத்தந்தவர் பெயரையும் அவருடைய குருவின் பெயரையும் மரபின் ஊரையும் கற்ற ஆண்டையும் 'எஸ்' வரியில் நிரப்பிய பின்னரே முதல் ஸ்வரத்தைத் தட்டுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.