பச்சையெல்லாம் கரைநலம் ஆகுமா?

ஓர் ஆறோ ஓடையோ நலமாயிருக்கிறதா என்று அறிய வேண்டுமாயின், இன்றைய அலுவலர் ஒரு புட்டியில் நீரை மொண்டு ஆய்வகத்திற்கு அனுப்புகின்றனர். கரைந்த உயிர்வளி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று தாளில் விடை வருகிறது. வேண்டிய பணியே. ஆயினும் புட்டிநீர் அன்றைய நாளின் செய்தியை மட்டுமே சொல்லும்; இருபதாண்டுச் செய்தியைக் கரையில் நிற்கும் மரஞ்செடி கொடிகளே சொல்லும்.

இதற்கென இசுபெயின் நாட்டுக் கட்டலோனிய ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் ஒரு முறை வகுத்தனர். கரையை நிலைத்திணை எவ்வளவு மூடியிருக்கிறது? மரம், புதர் என்னும் அடுக்குகள் உளவா? நிற்பவை அம்மண்ணுக்கு உரியனவா, வந்தேறிகளா? ஓடும் வழி மாந்தர் கையால் மாற்றப்பட்டதா? இந்நான்கு வினாக்களுக்கும் தலைக்கு 25 மதிப்பெண். 95-உம் அதற்கு மேலும் பெற்றது இயற்கை குலையாத கரை. 25-உம் அதற்குக் கீழும் பெற்றது முற்றும் சீரழிந்த கரை. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கண்ணும் காலும் மரங்களின் பெயரறிவும் இருந்தாற் போதும்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையின் இருமருங்கும் ஏரிகளும் அவற்றை இணைக்கும் நீர்க்கால்களும் உள்ளன. இன்று அவற்றிடையே தொழிற்சாலைகள் நெருங்கி நிற்கின்றன. அந்நான்கு வினாக்களோடு ஒரு கால்வழி நடந்து பாருங்கள். முதல் வினாவுக்கு மதிப்பெண் குவியும், எங்கும் பச்சை! மூன்றாம் வினாவிலோ விழுந்துவிடும். பச்சையிற் பெரும்பங்கு வேலிக்காத்தான் என்னும் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்து வந்தேறி. வானிலிருந்து படமெடுத்துப் பச்சையை அளப்பவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்காது. பெயரறிந்தவனுக்கே விளங்கும்.

பெயரறிவில் நாம் வறியவர் அல்லேம். வயல்சார்ந்த நிலத்திற்கு மருதம் என்று மரத்தின் பெயரை இட்ட இனம் நாம். வஞ்சி, காஞ்சி, நொச்சி என்று போரொழுக்கத்திற்கும் நிலைத்திணைப் பெயரையே சூட்டினோம். 2019-இல் தனி மாவட்டமான செங்கற்பட்டின் பெயரையே செங்கழுநீர்ப்பட்டு என்பதன் திரிபென்பர். ஆனால் 'நொச்சியாவது மதில் காத்தல்' என்று தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவன், ஓடைக்கரையில் நொச்சிப் புதரை நேரிற் கண்டால் அறியான். மரத்தைக் காட்டாமல் திணையை மட்டும் கற்பிக்கும் பாடத்திட்டம் அவனை அப்படி ஆக்கிவைத்திருக்கிறது.

2015 கார்த்திகைப் பெருமழையில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்தது. அதன்பின் அகலப்படுத்தல், தூர்வாரல், கற்காரைச் சுவர் என்பனவே வெள்ளத்தடுப்பின் பொருளாகிவிட்டன. செடிகள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்பர் பொறியாளர். படுகையை அடைத்த வெங்காயத்தாமரைக்கும் வேலிக்காத்தானுக்கும் அது பொருந்தும், அவற்றை அகற்றுக! கரையிலுள்ள நாணலும் புங்கமும் நீர்மருதும் வேறு. அவற்றின் வேரே மண்ணைப் பிணித்திருக்கிறது. அவ்வேரைப் பறித்தால் கரை கரைந்து கீழே சென்று படியும். அடுத்த ஆண்டு மீண்டும் தூர்வாரல், மீண்டும் ஒப்பந்தம். (ஒப்பந்தக்காரருக்கு இதனால் இழப்பொன்றும் இல்லை.)

அதே அடையாற்றின் கழிமுகத்தில் 58 ஏக்கரில் இம்மண்ணுக்குரிய மரஞ்செடிகளை மீண்டும் நட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்கா என்று பெயரிட்டனர். நற்பணி, பெயரும் நற்பெயர். கடலருகே நட்டு வளர்ப்பதை, நீர் பிறக்கும் மேற்பகுதியில் வெட்டி எறிவது என்ன முறை?

வந்தேறி நிலைத்திணைகளை அகற்றத் தமிழக அரசு 2022-இல் கொள்கை வகுத்துள்ளது. எதை அகற்றுவது என்பதற்கு முன், எதை விடுவது என்னும் பட்டியல் வேண்டும். அப்பட்டியல் தமிழில் இருக்கவேண்டும். பெயர் சொல்லத் தெரிந்த உழவரும் ஆடுமேய்ப்பாரும் அதில் பங்கேற்கவேண்டும். பள்ளிகள் தத்தம் ஊர்க்காலை ஆண்டுக்கொரு முறை நடந்து மதிப்பெண் இடட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மண்வாரிப் பொறி இறங்கும் நாளில், விடவேண்டிய மரங்களிற் சுண்ணாம்புப் பட்டை தீட்டியிருக்கட்டும். பட்டியலின் ஒரு படி பொறியோட்டியின் கையில் இருக்கட்டும்.