வரவு மட்டும் போதுமா?

"சார், டவுன்லோடு நாற்பது வருதில்ல? அப்புறம் என்ன கம்ப்ளெயின்ட்?"

போன மாதம் இணைய நிறுவனத்துக்கு ஐந்து முறை போன் செய்தேன். ஐந்து குரல்களும் இதே கேள்வியைத்தான் கேட்டன. என் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்புக்கு இரு பக்கமும் 40 மெகாபிட் வேகம் என்று சொல்லித்தான் பணம் வாங்குகிறார்கள். டவுன்லோடு 40 வருகிறது. அப்லோடு 1. முப்பது மெகாபைட் வீடியோ ஒன்றை அனுப்ப ஆறு வினாடி ஆக வேண்டிய இடத்தில் நான்கு நிமிடம் ஆகிறது. அது போகட்டும். பிரான்சில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 81, காது மந்தம். வீடியோவில் என் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். வீட்டில் வேறு யாராவது நாலு படம் அனுப்பினால் போதும், என் முகம் உறைந்துவிடும். எனக்கு அக்கா பளிச்சென்று தெரிகிறார். அவரோ, "ஏண்டா, வாயைத் திறந்தபடியே நிக்கிறே?" என்கிறார்.

சொன்னதையெல்லாம் செய்தேன். வைஃபையை விட்டு ஒயரில் சோதித்தேன். ஒயரை மாற்றினேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். செல்போன்கள் நமக்குத் தெரியாமல் படங்களை அனுப்பிக்கொண்டிருக்குமாம், அதையும் நிறுத்தினேன். அதே 1.

பிறகு பழைய குமாஸ்தா புத்தி வேலை செய்தது. பத்து நாள் காலை, மதியம், இரவு என்று நோட்டில் குறித்தேன். நெரிசல் என்றால் இரவில் குறைந்து விடியற்காலையில் ஏற வேண்டும். இணைப்பில் தூசியோ பழுதோ என்றால் எண் தாறுமாறாகக் குதிக்கும். முப்பது தடவையும் அதே 1 என்றால் யாரோ அங்கே வரம்பு போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? சொன்னேன். கேட்பாரில்லை.

டெக்னீஷியன் தம்பி வந்தார். கருவியை வைத்து, "பவர் நல்லா இருக்கு சார்" என்றார். அந்தக் கருவி அளப்பது வீட்டுக்கு வரும் ஒளியை. வருவது 1490 நானோமீட்டர், போவது 1310. இழை ஒன்று, ஒளி வேறு. வந்ததை அளந்துவிட்டுப் போவதற்குச் சான்றிதழ் கொடுத்தால் எப்படி?

ஆறாவது போனில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார். பிளான் மாற்றியபோது அப்லோடு வரம்பை யாரோ தவறாகப் பதிந்திருக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் சரியானது. யாரும் ஒயரைத் தொடவில்லை.

ஒருவர் செய்த தட்டச்சுப் பிழையை நான் குறை சொல்லவில்லை. என் காலத்தில் நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஐந்து பேருக்கு அது பிழையாகவே தெரியவில்லையே, அதுதான் என் புகார். அரசாங்கமும் அப்படித்தான். பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 512 கிலோபிட் என்று 2013-ல் வகுத்தார்கள். 2023-ல் அதை 2 மெகாபிட் ஆக்கினார்கள். இரண்டுமே டவுன்லோடு கணக்கு. அனுப்புவதைப் பற்றி அந்த வரையறையில் பேச்சே இல்லை.

ஜனங்கள் பார்ப்பது அதிகம், அனுப்புவது குறைவு என்பார்கள். சரி. பரவலாக உள்ள ஃபைபர் முறையே பல வீடுகளுக்குப் பொதுவாக வர 2.5 கிகாபிட், போக 1.25 கிகாபிட் என்றுதான் அமைந்திருக்கிறது. பாதி கொடுங்கள், வாயைத் திறக்க மாட்டேன். நாற்பதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு "என்ன கம்ப்ளெயின்ட்?" என்று கேட்காதீர்கள்.

நான் வேலை பார்த்த ஆபீசில் தபாலுக்கு இரண்டு பதிவேடுகள் உண்டு. ஒன்று இன்வர்டு, மற்றது டெஸ்பாட்ச். மனு வாங்கி வாங்கி அடுக்கிவிட்டு ஒரு பதிலும் போகாத ஆபீசை யாராவது நன்றாக நடக்கிறது என்பார்களா?

பில்லில் இரண்டு வேகத்தையும் அச்சடியுங்கள். புகார் எடுப்பவர் இரண்டையும் கேட்கட்டும். நீங்களும் இன்று ராத்திரி ஸ்பீடு டெஸ்ட் போடும்போது முதல் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். இரண்டாவது எண் வரும்வரை இருங்கள்.