ராட்சசி வரமாட்டார்

பள்ளித் தலைமையாசிரியர்களை நாயகர்களாக்கிய படங்களைப் பற்றி வாசகர்களிடம் கருத்துக் கேட்டிருந்தோம். அத்திபெலே, சந்தாபுரா, ஆனேக்கல் பக்கமிருந்து வந்த கடிதங்களைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கையெழுத்துதான் வேறு வேறு, கோரிக்கை ஒன்றே. எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கும் ஒரு கீதா ராணி வர வேண்டும், வந்து எல்லாரையும் மிரட்டித் திருத்த வேண்டும். எழுதியவர் தன் பங்குக்கு என்ன செய்யப் போகிறார் என்று எந்தக் கடிதத்திலும் ஒரு வரி இல்லை.

2019 ஜூலையில் வெளியான ‘ராட்சசி’யை ஓசூருக்குப் போய்ப் பார்த்தவர்களும், பிறகு டிவியில் பார்த்தவர்களும் இன்னும் மறக்கவில்லை. அதில் ராணுவத்தில் இருந்துவிட்டு வரும் கீதா ராணி (ஜோதிகா), உருப்படாத ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆவார். சோம்பேறி வாத்தியார்கள் நடுங்குவார்கள், படிப்பை விட்ட பிள்ளைகள் திரும்பி வருவார்கள். மலேசியாவின் அன்றைய கல்வி அமைச்சர் மஸ்லீ மாலிக்கே பார்த்துவிட்டுப் பாராட்டினார் என்று சான்று வேறு காட்டியிருக்கிறார்கள். பாராட்டட்டும். அவர் கையில் ஒரு துறை இருந்தது, நிதி இருந்தது. உங்கள் கையில் இருப்பது ரிமோட்.

சரி, கீதா ராணி வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். எந்த நாற்காலியில் உட்காருவார்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தனியாக ஒரு தலைமையாசிரியர். ஆறு முதல் எட்டு வரை என்றால் 100-க்கு மேல். 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர்களே இரண்டு பேர்தான். அந்த இருவரில் மூத்தவர்தான் பொறுப்புத் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், குமாஸ்தா எல்லாம்.

150. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 149 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு முழுநேரத் தலைவர் தேவையில்லை என்று டெல்லியில் உட்கார்ந்து எழுதிவிட்டார்கள். கேட்பார் இல்லாத பள்ளி என்று பெற்றோர் பிள்ளையை வேன் வரும் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். எண்ணிக்கை இன்னும் சரிகிறது. சரிந்த எண்ணிக்கையைக் காட்டியே தலைமையாசிரியர் கிடையாது என்கிறார்கள். சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். மாநில அரசு மனம் வைத்தால் அதற்கு மேலும் கொடுக்கலாம். கேட்டால்தானே கொடுக்க!

பொறுப்புத் தலைமையாசிரியரின் ஒரு நாளை எந்த இயக்குநரும் படமாக எடுக்க மாட்டார். அரிசி இருப்பு, பால் பவுடர் கணக்கு, முட்டைக் கணக்கு, பிள்ளைகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று போகும். 2025-இல் கர்நாடகத்தில் சமூக, கல்விக் கணக்கெடுப்பு நடந்தபோது, வீடு வீடாகப் போன ஆசிரியர்கள் வேலையை முடிப்பதற்காகத் தசரா விடுமுறையையே அக்டோபர் 18 வரை நீட்டினார்கள். இதில் ராட்சசி எப்போது பிரம்பை எடுப்பார்?

கர்நாடக எல்லையோரத்தில் இருக்கும் அத்திபெலேயின் சிக்கல் இன்னும் ஒருபடி மேல். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் தொழிற்பேட்டை வேலைக்கு வரும் குடும்பங்கள் வாடகை எங்கே குறைவோ அங்கே மாறுகின்றன. இன்று ஓசூர்ப் பக்கம், நாளை இந்தப் பக்கம். அங்கே தமிழில் படித்த பையன் பாதி வருஷத்தில் இங்கே கன்னட வகுப்பில் வந்து உட்காருகிறான். டி.சி. வந்து சேரவில்லை, எழுத்துத் தெரியவில்லை. ஒரு மாதம் முழித்துவிட்டு நின்றுவிடுகிறான். அவன் ஏன் வரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்க ஆள் வேண்டாமா? இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டிருக்கும் டீச்சரா போவார்?

ஒற்றை ஆள் சாகசத்தின் கதி என்ன என்பதற்கு அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது. நியூஜெர்சி மாநிலம் பேட்டர்சன் நகரில், அடிதடியும் போதையும் மலிந்த ஈஸ்ட்சைடு உயர்நிலைப் பள்ளியை ஜோ கிளார்க் என்ற முதல்வர் ஒலிபெருக்கியும் பேஸ்பால் மட்டையுமாக வலம் வந்து அடக்கினார். 1989-இல் மார்கன் ஃப்ரீமன் நடிக்க, அவர் கதை ‘லீன் ஆன் மீ’ என்று படமானது. அதே ஆண்டு கிளார்க் பதவியை விட்டுப் போனார். 1991-இல் அந்த நகரின் பள்ளி நிர்வாகம் முழுவதையும் மாநில அரசு தன் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. நாயகன் போனான், நோய் அங்கேயே இருந்தது.

எல்லையோரத்தில் வாழும் நாம் பார்க்க வேண்டிய படம் வேறு. காசரகோட்டில் மூடப்படவிருந்த கன்னடப் பள்ளியைப் பற்றி ரிஷப் ஷெட்டி 2018-இல் எடுத்த படம், குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதே பெற்றது. அதில் எந்தத் தலைமையாசிரியரும் பறந்து வந்து அடிக்கவில்லை. பிள்ளைகளும் ஊராரும் சேர்ந்து நீதிமன்றம் வரை போகிறார்கள். நமக்கு வந்த கடிதக் கட்டில் அந்தப் படத்தின் பெயரே இல்லை. ஊர் வேலை செய்கிற படம் யாருக்குப் பிடிக்கும்?

ஐயா, அம்மா, கோபப்படாமல் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளிக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்குத்தான் கொடுத்திருக்கிறது. பாதி இடம் பெண்களுக்கு. இங்கே எஸ்.டி.எம்.சி. என்கிறோமே, அதுதான். கடைசியாக அந்தக் கூட்டத்துக்கு எப்போது போனீர்கள்? அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பிள்ளைகள் எத்தனை பேராக இருந்தாலும் பள்ளிக்கு ஒரு முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, எல்லாரும் கையெழுத்திடுங்கள். ஆனேக்கல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு (பி.இ.ஓ.) ஒரு பிரதி, எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பிரதி. நமக்கும் ஒன்று அனுப்புங்கள். சினிமாக் கடிதங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை அச்சிடுகிறோம்.