பகிடியும் வதையும்

ஈழத்துத் தமிழில் வழங்கும் ‘பகிடிவதை’ என்ற சொல்லைப் போல உண்மை பொதிந்த சொல் வேறொன்றைக் காண்பது அரிது. ஆங்கிலத்தின் ‘ராகிங்’ என்ற சொல்லைத் தமிழகத்தார் பெரும்பாலும் அப்படியே எடுத்தாளுகின்றனர். நாமோ அதற்கென ஒரு தொடரை அமைத்துக்கொண்டோம். செய்பவனுக்குப் பகிடி; படுபவனுக்கு வதை. ஒரே செயலின் இரு முகங்களையும் இச்சொல் ஒருங்கே காட்டிவிடுகின்றது. ஆனால் சொல்லுக்கு உள்ள இந்த நேர்மை நாம் படிக்கும் கதைகளுக்கும், காசு கொடுத்துப் பார்க்கும் திரைப்படங்களுக்கும் உண்டா? பெரும்பாலானவற்றுக்கு இல்லை என்பதே என் விடை. அவை பகிடியை எடுத்துக்கொண்டு வதையை எறிந்துவிட்டன. அங்ஙனம் எறிவதற்கு அவை கையாளும் வழிகள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது வழி சிரிப்பு. கவுண்டமணி, செந்தில் இருவரும் சேர்ந்து நடித்த படங்களை எண்ணிப் பாருங்கள். ‘கரகாட்டக்காரன்’ (1989) அவற்றுட் புகழ் பெற்றது. ஒருவர் அடிப்பார், மற்றவர் அடி வாங்குவார். அடிக்கு முன்னர் ஒரு வசை வரும். அவ்வசை பெரும்பாலும் மற்றவரின் தலை, முகம், நிறம், பருமன் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கும். செந்திலின் குறும்பே இறுதியில் வெல்கின்றது என்று சிலர் வாதிடுவர். வாழைப்பழக் காட்சியில் அது உண்மையே. ஆயினும் திரையரங்கை விட்டு வெளியேறும் மாணவன் தன்னுடன் எடுத்துச் செல்வது செந்திலின் குறும்பையன்று, கவுண்டமணியின் வசையையே. மறுநாட் காலை அவ்வசை வகுப்பறையில் ஒரு கறுத்த பையனுக்கோ, பருத்த பையனுக்கோ பட்டப் பெயராகின்றது. அவனும் சிரிக்கின்றான். சிரிக்காவிட்டால் மேலும் இரண்டு பெயர்கள் வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

நகைச்சுவை வேண்டாமென்று நான் கூறவில்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் மூட நம்பிக்கைகளைச் சிரிப்பாற் சாடினார். சாப்ளினின் நாடோடி பொலிஸ்காரனையும் பணக்காரனையும் தடுமாற வைத்தான். அந்தச் சிரிப்பு எளியவன் வலியவனை நோக்கிச் சிரித்த சிரிப்பு. நம் படங்களிற் பெரும்பாலும் நாம் கேட்பதோ வலியவன் எளியவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. இரண்டிற்கும் ஒரே பெயரிட்டு அழைப்பது அறிவுடைமையாகாது.

கல்லூரிப் படங்களை எடுத்துக்கொள்வோம். ‘வசூல் ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004) என்ற படத்திலும், ‘நண்பன்’ (2012) என்ற படத்திலும் புதிய மாணவரைச் சிரேஷ்ட மாணவர் அவமானப்படுத்தும் காட்சிகள் உண்டு. இரண்டிலும் கதாநாயகன் அகப்படுவதில்லை. ஒருவன் தன் வலிமையாலும் மற்றவன் தன் அறிவாலும் நிலைமையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். அரங்கம் கைதட்டுகின்றது. ஆனால் ‘நண்ப’னில் உள்ளாடையுடன் நிரையாக நின்ற ஏனைய மாணவர் என்ன ஆயினர்? அன்றிரவு அவர்கள் உறங்கினரா? அடுத்த நாள் ஒருவரையொருவர் எந்த முகத்துடன் பார்த்தனர்? படம் அதனைக் கேட்பதில்லை. அவர்கள் நாயகனின் வெற்றிக்குப் பின்புலமாக நிறுத்தப்பட்டவர்கள், அவ்வளவே.

இரண்டாவது வழி, துன்பத்தை ஆண்மைப் பயிற்சியாகக் காட்டுவது. இதற்கு மூலநூல் என்று கூறத்தக்கது தோமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட ‘டொம் பிரௌனின் பள்ளி நாட்கள்’ என்னும் நாவல். ஆங்கில ஆளும் வர்க்கத்தார் தம் பிள்ளைகளை வார்த்தெடுத்த றக்பிப் பாடசாலையே அதன் களம். அங்கே கீழ்வகுப்பு மாணவர் மேல்வகுப்பு மாணவருக்கு ஏவல் செய்தல் வேண்டும். ஃபிளாஷ்மன் என்ற முரடன் சிறுவன் டொம்மை எரியும் கணப்பின் முன் பிடித்து வாட்டுகின்றான். சிறுவன் காயமுறுகின்றான்; ஆயினும் யார் செய்தது என்பதைச் சொல்ல மறுக்கின்றான். இந்த மௌனத்தை நூல் வீரமாகப் போற்றுகின்றது. ஃபிளாஷ்மன் பின்னர் பாடசாலையை விட்டு விலக்கப்படுவதும் எதற்காக? சிறுவரை வதைத்ததற்காக அன்று; குடித்து வெறித்ததற்காக! வதையை ஒழுங்கின் ஒரு பகுதியாகவும், குடியை ஒழுங்கீனமாகவும் கண்ட ஒரு வர்க்கத்தின் மனச்சாட்சி இங்கே வெளிப்படுகின்றது. ஏவலுக்குப் பணிந்து, பின்னர் ஏவப் பழகி, சாம்ராச்சியத்தின் மூலைகளுக்குச் சென்று பிறரை ஆளவேண்டிய பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறில்லை. ‘நாங்களும் பட்டோம்; பட்டதனால் மனிதரானோம்’ என்று இன்று எம்மிடையே பேசுவோர், தமக்குத் தெரியாமலே அந்தப் பழைய எசமானரின் பாடத்தை ஒப்புவிக்கின்றனர்.

மூன்றாவது வழி பழிவாங்கல். ஸ்டீபன் கிங் எழுதிய ‘கெரி’ (1974) என்ற நாவலும், 1976இல் பிரயன் டி பால்மா அதனைக் கொண்டு எடுத்த திரைப்படமும் ஒரு மாணவி படும் அவமானத்தை நெருங்கி நின்றே காட்டுகின்றன. அந்த அளவிற் பாராட்டலாம். ஆனால் முடிவில் அவளுக்கு அமானுஷ்ய சக்தி தேவைப்படுகின்றது, நாவலில் ஊரே தீக்கிரையாகின்றது. தமிழ்ப் படங்களில் அமானுஷ்ய சக்திக்குப் பதிலாக நாயகனின் முட்டிக்கை இருக்கின்றது. ஒருவன் பத்துப் பேரை அடித்து வீழ்த்துகின்றான். இதனைக் காணும் ஒரு மெலிந்த மாணவன் என்ன முடிவுக்கு வருவான்? அடிக்க முடியாதது தன் குறை என்றே எண்ணுவான். வதையினும் கொடியது இந்த எண்ணம். குற்றம் செய்தவனிடம் இருக்கவேண்டிய வெட்கம் குற்றத்துக்கு ஆளானவனிடம் குடியேறுகின்றது. கலை அந்த வெட்கத்தைக் களைய வேண்டியது. இம்மாதிரிக் கலையோ அதற்கு நீரூற்றி வளர்க்கின்றது.

இம்மூன்று பொய்களுக்கும் பொதுவான அடிப்படை ஒன்றுண்டு. வதைப்பவனைத் தனிப்பட்ட கெட்டவனாகவும், வதைபடுபவனைத் தனிப்பட்ட கோழையாகவும் அவை காட்டுகின்றன. இருவரையும் அந்த இடத்திற் கொண்டுவந்து நிறுத்திய நிறுவனமும், சாதியும், வர்க்கமும், சுற்றி நின்று பார்த்த கூட்டமும் மறைந்து விடுகின்றன. சிறந்த கலைஞர் இங்ஙனம் மறைக்கவில்லை.

1842இல் கோகோல் எழுதிய ‘மேலங்கி’ என்ற கதையைப் பாருங்கள். அக்காக்கி அக்காக்கியெவிச் ஒரு சிறு எழுத்தன். படியெடுப்பது அவன் தொழில். சக ஊழியர் காகிதத்தைக் கிழித்து அவன் தலையிலே தூவி, பனி பொழிகின்றது என்று சொல்லிச் சிரிப்பர். எல்லை மீறும்போது மட்டும், தன்னை ஏன் புண்படுத்துகின்றீர்கள் என்று அவன் மெல்லக் கேட்பான். புதிதாக வேலைக்கு வந்து, ஏனையோருடன் சேர்ந்து சிரித்த ஓர் இளைஞன் அக்குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு நின்றுவிடுகின்றான். அதன் பின் நெடுங்காலம் அக்குரல் அவனை விடவில்லை; அதில் ஒரு சகோதரனின் குரலை அவன் கேட்கின்றான். கோகோல் நம்மை நிறுத்துவது அந்த இளைஞன் நின்ற இடத்திலே. நாமும் சிரித்தவர்கள், நாமும் நின்றுவிட முடியும்.

ரொபேர்ட் மூஸில் 1906இல் எழுதிய ‘இளைஞன் தோர்லெஸ்ஸின் தடுமாற்றங்கள்’ ஒரு விடுதிப் பாடசாலையைக் காட்டுகின்றது. பணம் திருடிய பசீனி என்ற மாணவனை இருவர் பரணில் வைத்து இரகசியமாகச் சித்திரவதை செய்கின்றனர். தோர்லெஸ் அதனைப் பார்க்கின்றான்; ஆராய்கின்றான்; ஓரளவு பங்கும் கொள்கின்றான். ஈற்றிற் பாடசாலை விலக்கி விடுவது வதைபட்டவனையே. 1966இல் வோல்கர் ஷ்லொண்டோர்ஃப் இதனைத் திரைப்படமாக்கியபோது, நாஸிகளின் வதைமுகாம்களை அறிந்துவிட்ட ஒரு தலைமுறை இப்பரணில் அதன் வித்தைக் கண்டது. ஆராய்ந்துகொண்டே வாளாவிருக்கும் அறிவாளிக்கு இந்நூல் ஒரு கண்ணாடி.

பாரி ஹைன்ஸின் நாவலைக் கொண்டு கென் லோச் ஆக்கிய ‘கெஸ்’ (1969) ஆசிரியர் ஒவ்வொருவரும் காணவேண்டிய படம். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊரொன்றிலே பில்லி என்ற ஏழைச் சிறுவன் ஒரு வல்லூற்றை வளர்க்கின்றான். வீட்டில் அவனை வதைப்பவன் அண்ணன்; அந்த அண்ணனோ சுரங்கத்தில் உழைத்து வதைபடுபவன். பாடசாலையில் விளையாட்டாசிரியர் அவனைக் குளிர்நீரில் நிறுத்தி வைக்கின்றார். அதிபரோ செய்தி கொண்டுவந்த குற்றமற்ற பாலகனையும் சேர்த்துப் பிரம்பால் அடிக்கின்றார். மேலிருந்து கீழே இறங்கும் ஒரு சங்கிலி இது. அதன் கடைக் கண்ணியில் நிற்பது ஒரு குழந்தை. ஆனால் ஓர் ஆசிரியர் அவனைப் பேச விடுகின்றார். வாய் திறவாத சிறுவன் தன் பறவையைப் பழக்கிய விதத்தை வகுப்பு முழுவதும் மெய்ம்மறந்து கேட்கக் கூறுகின்றான். அந்த ஆசிரியர் செய்தது ஒன்றே: கேட்டார்.

தமிழ்த் திரையும் இத்தகைய உண்மையைத் தொட முடியும் என்பதற்கு மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) சான்று. திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக்கு வரும் ஒடுக்கப்பட்ட சாதி மாணவன் முதலில் ஆங்கிலத்தின் முன் கூனிக் குறுகுகின்றான். பின்னர் சாதியின் முன் உதைபடுகின்றான். கல்லூரிக்குத் தந்தையை அழைத்து வரச் சொன்னபோது, வேறொருவரைத் தந்தையென்று கூட்டி வருகின்றான். அவனுடைய தந்தை பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞர். அவமானம் மனிதனை எவ்வளவு ஆழத்துக்குக் கொண்டு செல்லும் என்பதை இதனிலும் நுட்பமாகக் காட்டுவது கடினம். பெற்றவரை மறைக்கவும் அது பழக்குகின்றது. பின்னர் அத்தந்தையே கல்லூரிக்கு வந்து, ஆடை களையப்பட்டுத் துரத்தப்படும்போது, அரங்கில் எவரும் சிரிப்பதில்லை. பகிடியை அகற்றி வதையை மட்டும் நம்முன் நிறுத்துகின்றார் இயக்குநர்.

இனி எமது வீட்டுக்கு வருவோம். 1975இல் பேராதனையில், வதைக்குத் தப்பும் பொருட்டு விடுதி மாடியிலிருந்து குதித்த ஒரு மாணவி வாழ்நாள் முழுவதும் எழுந்து நடக்க முடியாதவரானார். 1997இல் அதே வளாகத்தின் பொறியியற் பீடத்தில் ஒரு தமிழ் மாணவன் கடும் உடற்பயிற்சிகளுக்கு வற்புறுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டான். அடுத்த ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைத் தடைசெய்தது. சட்டம் வந்தது, வதை ஒழியவில்லை. ஏனெனில் அதற்கு இன்னமும் ஒரு தத்துவம் துணை நிற்கின்றது. அத்தத்துவத்தை நம் பக்கத்தவரே பேசுகின்றனர் என்பதுதான் வேதனை.

பகிடிவதை பணக்காரனையும் ஏழையையும் சமப்படுத்துகின்றதாம். கொழும்பு ஆங்கிலம் பேசுபவனின் செருக்கை அடக்குகின்றதாம். போராட்டத்துக்கு வேண்டிய ஒற்றுமையை வளர்க்கின்றதாம். இடதுசாரிச் சொற்களாற் போர்த்தப்பட்ட இவ்வாதத்தைச் சற்று உரித்துப் பார்ப்போம். எல்லோரையும் ஒரே நிலத்தில் முழந்தாளிட வைப்பது சமத்துவமா? முழந்தாளிட்டோர் மேல் ஒருவன் நிற்கின்றான் அல்லவா? அவன் யார்? ஓராண்டு முன்னதாக வந்தவன் என்பதன்றி அவனுக்குள்ள அதிகாரம் யாது? பிறப்பால் வந்த மேன்மையை மறுக்கும் நாம், அனுமதி ஆண்டால் வந்த மேன்மையை எங்ஙனம் ஏற்க முடியும்? அச்சத்தாற் கூட்டிய ஒற்றுமை அச்சம் நீங்கியதும் கலையும். மேலும், முதலில் நொறுங்குபவன் கொழும்புச் செல்வனல்லன். அவனுக்கு வெளியில் அறையும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் உண்டு. தோட்டத்திலிருந்தோ வன்னிக் கிராமத்திலிருந்தோ, குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வரவிருக்கும் பிள்ளைக்கு அந்த விடுதியை விட்டால் வேறு போக்கிடமில்லை. அப்பிள்ளை படிப்பைக் கைவிட்டு ஊர் திரும்பினால் வென்றது எந்த வர்க்கம்?

ஈழத்து முற்போக்கு இலக்கியம் அவமானத்தின் வரலாற்றை அறியாததன்று. சாதியின் பேராற் பாடசாலையில் இழிவுபடுத்தப்பட்டுப் படிப்பைக் கைவிட்ட டொமினிக் ஜீவா, பிற்காலத்தில் 1966 முதல் ‘மல்லிகை’ ஏட்டை நடத்தினார். கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) இழிவுபட்டோரின் நெஞ்சிலிருந்தே எழுந்தது. 1960களில் மரபு காத்த பண்டிதர் இத்தகைய எழுத்துக்களை இழிசனர் இலக்கியம் என்று பழித்தனர். அதுவும் ஒரு வகைப் பகிடிவதையே. எழுத்தாளர் அதற்கு மௌனம் சாதிக்கவில்லை. அந்த மரபின் வழிவந்த எமது கைகள் பல்கலைக்கழக விடுதியின் வாயிலில் வந்து நடுங்குவானேன்? நான் படித்த வளாகக் கதைகளிற் பல, மரநிழலையும் முதற் காதலையும் பாடுகின்றன. பகிடிவதை வந்தாலும் பழைய நட்பின் இனிய தொடக்கமாகவே வருகின்றது. வதைத்தவனின் நினைவேடு அது. வதைபட்டவனின் நினைவேடு இன்னமும் போதிய அளவு எழுதப்படவில்லை.

அதனை எழுதுங்கள் என்று இளம் எழுத்தாளரைக் கேட்கின்றேன். எழுதும்போது அடித்த கையை மட்டுமன்றி, அருகில் நின்ற கண்களையும், தெரிந்தும் கதவைச் சாத்திக்கொண்ட விரிவுரையாளரையும் எழுதுங்கள். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ‘நலமாயிருக்கின்றேன்’ என்று பொய்யுரைத்த பிள்ளையின் இரவை எழுதுங்கள். ஆசிரியத் தோழர்களைக் கேட்பது இன்னும் எளிது. வகுப்பிற் பட்டப் பெயர் எழுந்து சிரிப்பு பரவும் போது, பாடத்தை ஒரு கணம் நிறுத்துங்கள். நாமே சூட்டிய பெயராயின் அதனைக் கைவிடுங்கள். ‘மேலங்கி’யை வாசித்துக் காட்டி, அந்த இளைஞன் ஏன் சிரிப்பை நிறுத்தினான் என்று மாணவரிடம் கேளுங்கள். பல்கலைக்கழகம் புகவிருக்கும் உயர்தர வகுப்பினரிடம் இன்னுமொன்று கேளுங்கள்: அடுத்த ஆண்டு நீங்கள் சிரேஷ்ட மாணவராகும் போது, புதிதாக வந்து நிற்கும் பிள்ளையை எப்பெயர் சொல்லி அழைப்பீர்கள்? அப்பிள்ளையின் சொந்தப் பெயராலேயே அழைப்போம் என்று அவர்கள் உறுதியாகக் கூறும் நாள் வரை எமது பாடம் முடியவில்லை.