பந்து எல்லாப் பிள்ளைகளின் காலிலும் படட்டும்



மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை, அஸருக்குப் பிறகு உதைபந்தாட்டம் நடக்காத மைதானம் குறைவு. ஆனால் ஆசிரியர்களாகிய நாங்கள் பாடசாலைப் பயிற்சிகளில் காண்பது வேறு. இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பந்து. கெட்டிக்காரர் நாலைந்து பேர் ஓடுகிறார்கள். உடம்பான பிள்ளை கோல் காக்க, கூச்சமுள்ளவன் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்க.

அதே மைதானத்தை நான்காகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு பேர். செருப்புகளே கோல் கம்பம். ஆள் குறைந்தால் ஒதுங்கி நிற்க இடமில்லை. எல்லோருக்கும் பந்து அடிக்கடி வரும். உற்சாகமாக ஆடினால் இதயத் துடிப்பு அதன் உச்ச அளவில் 85 வீதத்தைத் தாண்டும். மைதானத்தைச் சுற்றி ஓடிப் பெறும் உடல்வலுவைப் பிள்ளைகள் இதில் விருப்பத்தோடு பெறுகிறார்கள். இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கமும் 2012 இல், சிறுவர்கள் ஐவர் அணியில் தொடங்கி, ஏழு, ஒன்பது என்று படிப்படியாகவே பதினொருவர் அணிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தது.

மனதின் பக்கமும் இருக்கிறது. 2016 இல் வந்த ஓர் ஆய்வில், இளம் வீரர்களுக்கு 30 நிமிடம் மூளையைக் களைக்க வைக்கும் கணினி வேலை கொடுத்துவிட்டுச் சிறு அணிகளாக ஆட விட்டார்கள். ஓட்டம் பெரிதாகக் குறையவில்லை, ஆட்டத்திறன் குறைந்தது. பாடசாலை முடிந்து, டியூஷன் முடிந்து வரும் பிள்ளையை "உனக்கு விளையாட வராது" என்று ஏசுமுன் இதை நினைப்போம்.

கவனிக்க வேண்டியதும் உண்டு. சின்ன இடத்தில் திரும்பித் திரும்பி ஓடினால் முழங்காலும் கணுக்காலும் பாடுபடும். நாலு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, தண்ணீர் என்று நடத்தலாம்.

பெண் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். இதற்குப் பெரிய மைதானம் தேவையில்லை. பாடசாலை மதிலுக்குள் வலைப்பந்துத் திடல் இருந்தால் போதும், ஆசிரியைகளே நடத்தலாம்.

சுற்றுப்போட்டிக்குப் பதினொரு பேரைத் தெரிவு செய்யுங்கள். கிண்ணமும் வரட்டும், இன்ஷா அல்லாஹ். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் எல்லாப் பிள்ளைகளும் ஆடட்டும். பழைய மாணவர் சங்கங்களும் கழகங்களும் பாடசாலைக்கு நாலு பந்து வாங்கிக் கொடுங்கள். போதைப்பொருளுக்கு எதிராக மேடை போட்டுப் பேசுகிறோம். மைதானத்தில் இடம் கிடைக்காத பிள்ளை பின்னேரம் எங்கே போகிறான் என்பதையும் சேர்த்துப் பேசுவோம்.