பொதுத் தொகுதி எவர் வீட்டுச் சொத்து?

தாராபுரம் தனி, அவினாசி தனி, வால்பாறை தனி, பவானிசாகர் தனி. நாடாளுமன்றத்துக்கு நீலகிரியும் தனி! இப்பட்டியலைக் கேட்டதும் முகம் சுளிப்போர் கொங்கு நாட்டில் உண்டு. "எங்கள் இடம் பறிபோயிற்றே!" என்று அங்கலாய்ப்போரும் உண்டு. எங்கள் இடமாம்! இவர்களுக்குப் பட்டா எழுதிக் கொடுத்தவர் யார்? வரலாற்றைப் புரட்டுவோம், தோழர்களே!

1952, 1957 பொதுத் தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1957-இல் நாடாளுமன்றத்துக்கு மட்டும் 91. ஈ.வெ.கி. சம்பத் வென்ற நாமக்கல்லும் அவற்றுள் ஒன்று. தொகுதிக்கு இரண்டு இடம்; ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. வாக்காளருக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் ஒருவருக்கே அளித்தல் கூடாது. ஒதுக்கீட்டு இடம் நிரம்பியபின், எஞ்சியோருள் மிகுதியான வாக்குப் பெற்றவருக்கே பொது இடம். அவர் எச்சாதியினராயினும் சரி!

அவ்விதி ஆந்திரத்துப் பார்வதிபுரத்தில் 1957-இல் பலித்தது. பழங்குடியினர் இருவர் இரண்டு இடங்களையும் வென்றனர். பொது இடத்தைப் பெற்றவர் டிப்பல சூரி தோரா. தோற்றவர் முன்னாள் மத்திய அமைச்சர் வி.வி. கிரி! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தோராவின் வெற்றி செல்லும் என்று 1959-இல் தீர்ப்பு வந்தது. 1961-இல் சட்டம் வந்தது. இரட்டைத் தொகுதிகள் மறைந்தன. தொகுதி பெரிது, செலவு மிகுதி என்று காரணம் கூறினர். இருக்கலாம். ஆனால், பழங்குடி மகன் பொது இடத்தில் அமர்ந்த பிறகன்றோ அம்முறை விடைபெற்றது!

தொகுதியைப் பிரிப்பதே தீதா? அன்று. அமெரிக்காவின் தொடக்கக் காலத்தில் சில மாநிலங்கள் முழு மாநிலத்தையும் ஒரே தொகுதியாக்கின. நூற்றுக்கு ஐம்பத்தொருவரின் ஆதரவு பெற்ற கட்சி எல்லா இடங்களையும் அள்ளிக்கொள்ளும். எஞ்சிய நாற்பத்தொன்பதின்மர் ஊமையர்! இதைத் தடுக்கவே தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என 1842-இல் சட்டம் செய்தனர். நான்கு மாநிலங்கள் அதையும் மதிக்கவில்லை. 1967-இல் மீண்டும் சட்டம் வேண்டியிருந்தது. அங்கே பிரிவினை, வாயற்றோருக்கு வாய் தந்தது. இங்கேயோ, ஒரு பாதியைத் 'தனி' என்றனர். மறு பாதியை ஆதிக்கச் சாதியார் தமதென்று கொண்டனர்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பொதுத் தொகுதியில் ஆதிதிராவிடர் நிற்க எத்தடையும் இல்லை. தடை, கட்சிகளின் வேட்பாளர் பட்டியலில் இருக்கிறது. எந்தச் சாதி எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்து எழுதப்படும் பட்டியல் அது! பகுத்தறிவு பேசும் மேடையின் பின்னாலும் அக்கணக்கு நடக்கிறது என்பதை மறைப்பானேன்?

இளைஞனே! அடுத்த தேர்தலில் உன் கட்சியைக் கேள்: "நம் பொதுத் தொகுதிகளில் எத்தனை ஆதிதிராவிடரை நிறுத்துகிறீர்கள்?" விடை சுழியமெனில், பொது என்ற சொல்லே பொய்.