எழுத்தும் தரகும்

எழுத்தாளன் விற்பனையாளனாக மாறிவருகின்றான். அம்மாற்றத்துக்குச் 'சுயதொழில்' என்னும் கௌரவமான பெயரும் சூட்டப்பட்டுள்ளது. கைத்தொலைபேசி, சமையற் கருவி, பாடநூல், அழகுசாதனப் பொருள் முதலியவற்றைப் பற்றி இணையத்தில் எழுதி, அவ்வெழுத்தினிடையே ஒரு சில்லறை வாணிப நிறுவனத்தின் விற்பனைப் பக்கத்துக்கு இணைப்பொன்றைப் பொருத்திவிட்டாற் போதும். அவ்வழியே சென்று வாசகர் வாங்கும் பொருளின் விலையில் ஒரு வீதம் எழுதியவனுக்குத் தரகாகச் சேரும். முதலீடு வேண்டா, கடை வேண்டா, மேலதிகாரி இல்லை என்பர் இதன் ஆதரவாளர்.

வேலையற்ற பட்டதாரிகள் மலிந்த யாழ்ப்பாணத்தில் இக்கூற்று எளிதில் எடுபடுவதில் வியப்பில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி 360 ரூபா வரை உயர்ந்தது. அந்நியச் செலாவணியில் வரும் சிறு தொகையும் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கும் என்ற நிலை அப்பொழுது தோன்றிற்று. அத்தகைய தேவையைப் பரிகசிப்பது படித்தவர்க்கு அழகன்று. ஆயின், தேவை உண்மையானது என்பதனால் தீர்வும் நேர்மையானதாகிவிடாது. இவ்வருமானத்தின் இயல்பு யாது, அதற்காகக் கொடுக்கப்படும் விலை யாது, அவ்விலையைக் கொடுப்பவர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பாது இதனை வரவேற்பது அறிவுலகின் கடமை தவறுதலாகும்.

தரகு இழிந்த தொழில் என்பது இங்கு வாதமன்று. கரையூர் என்னும் பழம்பெயருடைய குருநகரை நோக்குக. யாழ்ப்பாணக் கடனீரேரியை நம்பி வாழும் அக்கடற்றொழிலாளர் ஊரில், கரைக்கு வந்த மீன் ஏலத்தில் கூறப்படும்பொழுது ஏலம் கூறுபவர் பெறுவதும் தரகே. ஆயினும் அத்தரகுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மீன் கண்முன்னே குவிந்து கிடக்கின்றது. வாங்குவோர் செவுளைத் திறந்து பார்த்தே விலை கேட்கின்றனர். கேட்கப்படும் விலை, பிடித்தவன் காதிலும் வாங்குபவன் காதிலும் ஒருங்கே விழுகின்றது. ஏலம் கூறுபவருக்கு ஒரு பங்கு உண்டென்பதைக் கூடிநிற்கும் அனைவரும் அறிவர். பழுதான மீனை நல்ல மீனென்று அவர் கூறினால், மறுநாள் அதே கரையில், அதே முகங்களின் முன் அவர் நிற்கவேண்டும். பொருளின் காட்சி, விலையின் வெளிப்படை, பங்கின் அறிவு என்னும் மூன்றுமே தரகை மானமுள்ள தொழிலாக்குகின்றன.

இணைப்புத் தரகில் இம்மூன்றையும் காண்டல் அரிது. 'சிறந்த பத்து' என்று பட்டியலிடுவோரிற் பலர் அப்பத்தில் ஒன்றையேனும் கையால் தொட்டதில்லை. உற்பத்தியாளன் தந்த விபரங்களையும் பிறர் எழுதிய கருத்துக்களையும் கலந்து, அனுபவம் போன்ற தோற்றத்தை உருவாக்குகின்றனர். எழுதுபவனுக்கு எத்தனை வீதம் கிடைக்கின்றது என்பதை வாசகன் அறியான். பொருள் பழுதானால் எழுதியவனைத் தேடிச் செல்லக் கரையும் இல்லை, முகமும் இல்லை.

இம்முறையின் ஆழமான கேடு பொய்யுரைப்பதில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஒரு பொய்யும் சொல்லாத நேர்மையாளனையும் அது வளைத்துவிடுகின்றது. 'வாங்குக' என்னும் சொல்லுக்குத் தரகு உண்டு. 'வாங்கவேண்டா' என்னும் சொல்லுக்குத் தரகு இல்லை. பழைய மின்விசிறியைத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று எழுதுபவனுக்கு ஒரு சதமும் கிடையாது. புதியதை வாங்கச் சொல்பவனுக்கே கூலி. ஒரு நூலை யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இரவல் பெறலாம் என்றோ, 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இலவசமாக வாசிக்கலாம் என்றோ சொல்வதால் எழுதுபவனுக்கு எவ்வித ஊதியமும் இல்லை. ஆகவே அவ்வுண்மைகள் மறுக்கப்படுவதில்லை. வெறுமனே எழுதப்படாது போகின்றன. விமரிசனத்தின் உயிர் மறுக்கும் உரிமையில் உள்ளது. மறுப்புக்கு ஊதியமில்லாத இடத்தில் விமரிசனம் மெல்ல மெல்ல விளம்பரமாகின்றது. அம்மாற்றத்தை எழுதுபவனே உணராதிருப்பதும் உண்டு.

தமிழ் மரபில் இதற்கு முன்னுதாரணம் தேடுவோர் ஆற்றுப்படையைச் சுட்டக்கூடும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளன அல்லவா? பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனை வள்ளலிடம் வழிப்படுத்தியதும் ஒருவகை 'இணைப்பு' அன்றோ என்று அவர் வினவலாம். இவ்வொப்புமை மேலோட்டமானது. ஆற்றுப்படுத்துபவன் தான் பெற்றதை, பெற்ற வண்ணமே, முதலில் வெளிப்படக் கூறுகின்றான். தான் உண்ட உணவையும் தான் அடைந்த பரிசிலையும் சான்றாக வைக்கின்றான். வழிப்படுத்தப்பட்டவன் பெறப்போகும் பரிசிலில் அவனுக்குப் பங்கு இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அவன் வழிப்படுத்துவது வறியவனைக் கொடுப்பவனிடத்துக்கு. இணைப்புத் தரகனோ வாசகனைப் பெறுபவனிடத்துக்கு வழிப்படுத்துகின்றான். திசையே மாறிப்போன பின்னர் மரபின் பெயரைத் துணைக்கு அழைத்தல் பொருந்தாது.

சுயதொழில் என்ற பெயரேனும் பொருந்துமோ எனின், அதுவும் இல்லை. அமேசான் நிறுவனம் தன் இணைப்புத் தரகுத் திட்டத்தை 1996 இல் தொடங்கிற்று. இன்று இத்துறையிற் பிறர்க்கெல்லாம் அதுவே முன்மாதிரி. அதன் பொதுவிதிப்படி, இணைப்பைத் தொடர்ந்து வந்த வாசகன் 24 மணி நேரத்துக்குள் பொருளை வாங்கவோ கூடையில் இடவோ வேண்டும். வாசகன் ஒருவாரம் சிந்தித்து, பின்னர் தானாகவே கடைக்குச் சென்று வாங்குவானாயின் எழுதியவனுக்கு ஒன்றுமில்லை. அதாவது, வாசகன் ஆறியிருந்து ஆராய்வது எழுதுபவனுக்கு நட்டம், அவசரப்படுவதே இலாபம். வீதத்தை நிர்ணயிப்பதும் நிறுவனமே. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றினால் உலகம் வீட்டுக்குள் முடங்கி இணைய வாணிபம் பெருகிய வேளையில், அந்நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் தளபாடங்களுக்கான தரகை 8 வீதத்திலிருந்து 3 வீதமாகவும், பலசரக்குக்கான தரகை 5 வீதத்திலிருந்து 1 வீதமாகவும் குறைத்தது. 100 டொலர் தளபாடத்துக்கு 8 டொலர் பெற்றவன் மறுநாள் 3 டொலர் பெற்றான். அவனுடைய உழைப்பு குறையவில்லை; எழுத்தின் தரமும் குறையவில்லை. அவனிடம் எவரும் கலந்தாலோசிக்கவும் இல்லை.

வட மாகாணக் கடற்றொழிலாளர் வாழ்வை அறிந்தோர்க்கு இவ்வுறவு புதிதன்று. வலைக்கும் இயந்திரத்துக்கும் முதலாளியிடம் முற்பணம் பெற்ற தொழிலாளி, தன் மீனை அம்முதலாளிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கக் கட்டுண்டான். கடல் அவனுடையது போலத் தோன்றும், விலை அவனுடையதன்று. அக்கட்டை அறுக்கும் நோக்குடனேயே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. இணைப்புத் தரகனின் நிலையும் இதுவே. எழுத்து அவனுடையது போலத் தோன்றும், வீதம் அவனுடையதன்று. ஒரு வேறுபாடு உண்டு: கடற்றொழிலாளிக்கு முற்பணமாவது கிடைத்தது. எழுதுபவனோ முற்பணமின்றியே கட்டுண்டவன். கூட்டுறவுச் சங்கமும் இல்லாதவன். தன்னைத் தரகன் என்று எண்ணிக்கொள்ளும் அவன், உண்மையில் விற்பனை நடந்தாலொழியக் கூலி பெறாத தொழிலாளி.

சட்டம் இதனைச் சீர்செய்யும் என்று நம்புவோர் உளர். ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2009 இலும், இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரசபை 2022 இலும், பொருளைப் பரிந்துரைப்போர் விற்பவனுடன் தமக்குள்ள பொருளாதாரத் தொடர்பை வெளிப்படுத்தவேண்டும் என வழிகாட்டு விதிகளை வெளியிட்டன. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தலைத் தடைசெய்கின்றது. இவை வேண்டற்பாலனவே. ஆயின், தமிழ்க் கட்டுரையின் அடியில், சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரியைப் பதித்துவிட்டு விதியை நிறைவேற்றியதாகச் சொல்பவனை எச்சட்டம் திருத்தும்? வெளிப்படுத்தல் என்பது வாசகன் அறியும் மொழியில், அவன் முதலில் காணும் இடத்தில் நிகழவேண்டும்.

சஞ்சிகைகளும் விளம்பரத்தால் வாழவில்லையா என்ற வினா எழுவது இயல்பு. விளம்பரம் கட்டத்துக்குள் நின்றது. கட்டுரை கட்டத்துக்கு வெளியே நின்றது. வாசகன் இரண்டையும் பிரித்தறிந்தான். 1966 இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, தம் சஞ்சிகையைத் தாமே வாசகரிடம் எடுத்துச் சென்று விற்றார். அவர் விற்றது தம் எழுத்துலகின் விளைபொருளை. தம் வாசகரை அன்று. இணைப்புத் தரகிலோ கட்டம் அழிந்துவிடுகின்றது. அங்கே நிறுவனத்துக்கு விற்கப்படும் சரக்கு, எழுத்தை நம்பிய வாசகனே.

எனவே வேண்டப்படுவது வருமானத்தைத் துறக்கும் துறவன்று. தரகு பெறுவோர் அதனையும் அதன் வீதத்தையும் கட்டுரையின் தலைப்பிலேயே தமிழில் கூறுக. கையாளாத பொருளைப் பரிந்துரையாது விடுக. தரகு தரும் பொருளைப் பற்றி எழுதுமிடத்து, திருத்துதல், இரவல் பெறுதல், வாங்காதிருத்தல் என்னும் வழிகளையும் கூறுக. வீதத்தை ஒருதலையாகக் குறைக்கும் நிறுவனத்தின் முன் தனித்து நிற்காது கூட்டாகப் பேசுக. இவற்றை ஏற்க மறுப்போர் தம்மை விற்பனையாளர் என்று அழைத்துக்கொள்ளட்டும், அதில் இழுக்கில்லை. விமரிசகர் என்று அழைத்துக்கொள்ளும் உரிமை மட்டும் அவர்க்கில்லை. குருநகர்க் கரையில் ஏலம் கூறுபவர் பட்டதாரியல்லர். ஆயினும் தம் பங்கை அவர் மறைப்பதில்லை. அந்த அளவு நேர்மையைப் பல்கலைக்கழகம் கண்ட எழுத்தாளரிடம் சமூகம் எதிர்பார்ப்பது மிகையாகாது.